ஏழெட்டு ஐம்பத்தாறு

சட்டையை வாளித் தண்ணீரில் அமுக்கினாள். காய்ந்த ரத்தம் லேசில் விடவில்லை. துணி அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு மேலே மேலே வந்தது. மூன்றாவது முறை இரண்டு கையாலும் அழுத்தியபோது உள்ளேயிருந்து எதுவோ வாளியின் அடியில் இடித்தது. டொக்.

ஆஸ்பத்திரியில் ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொடுத்த சட்டை. பெரியண்ணன் காலையில் போட்டுக்கொண்டு வீட்டை ஒட்டிய மர மில்லுக்குப் போனது. சின்னண்ணன் பையை அவளிடம் தரும்போதே, "திறக்காத. பின்னாடி கொண்டுபோய் எரிச்சிடு. பாத்தா மனசு தாங்காது" என்றிருந்தான். அண்ணிதான் விடவில்லை. கூடத்தில் புருஷனின் தலைமாட்டில் உட்கார்ந்தவள் எழாமலே, "அந்தச் சட்டை எனக்கு வேணும். அலசிக் குடு" என்று கேட்டாள். செத்தவனின் பெண்டாட்டி கேட்டால் யார் மறுப்பது?

கையை விட்டுத் துழாவினாள். சட்டையின் உட்புறம், இடுப்புக்குச் சற்று மேலே, அண்ணி தைத்துக்கொடுத்த சின்னப் பை. அதில் பொத்தான் போட்டபடி வெள்ளைப் பீங்கான் ஃபியூஸ் கட்டை இருந்தது. மேல்பாக்கெட்டிலிருந்த பேனாவையும் கைக்கடிகாரத்தையும் எடுத்துக் கொடுத்த நர்சுக்கு உள்ளே இன்னொரு பை இருப்பது தெரிய நியாயமில்லை.

கட்டையை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். துவைக்கிற கல்லிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

காலை பத்து மணிக்குக் கரண்ட் போனது; ஆட்கள் டீ குடிக்கப் போனார்கள்; அந்த இடைவெளியில் பெரிய ரம்பத்தின் மழுங்கின பட்டையைக் கழற்றிப் புதுசை மாட்டப் பெரியண்ணன் தனியாக இறங்கினான்; கரண்ட் வந்தது; பாதி மாட்டியிருந்த பட்டை சக்கரத்தை விட்டுத் துள்ளி அவன் கழுத்தில் பாய்ந்தது. இதுதான் எல்லோருக்கும் தெரிந்த கதை. இன்ஸ்பெக்டர் வந்தார், மெயின் போர்டில் ஃபியூஸ் கட்டை இருப்பதைப் பார்த்தார், "பிடுங்க மறந்துட்டாரு, பாவம்" என்றார், விபத்து என்று எழுதிக்கொண்டு போனார். போர்டில் கட்டை இருந்தது மெய். அப்படியானால் இவள் கையில் இருப்பது என்ன?

பெரியண்ணன் பெண்டாட்டியின் பிறந்தநாளை மறப்பான். சாப்பிட்டோமா இல்லையா என்பதைக்கூட மறப்பான். ஃபியூஸ் கட்டையை மறக்க மாட்டான். அதற்குக் காரணம் சின்னண்ணனின் இடது கை. பெரியவனுக்குப் பதினேழு வயதில், தம்பி ரம்பத்துக்குள் கை விட்டுத் தூள் வழித்துக்கொண்டிருந்தபோது, சும்மா பயம்காட்டலாம் என்று ஸ்டார்ட்டரைத் தள்ளினான். இரண்டு விரல் மரத்தூளோடு போய்விட்டது. தேடி எடுத்தது அப்பா. அன்றைக்கு அவர் போட்ட சட்டம்தான் இருபத்திரண்டு வருஷமாக மில்லில் நடக்கிறது: எவன் கை மிஷினுக்குள் போகிறதோ, கட்டையைப் பிடுங்கி அவன்தான் தன் பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

சட்டம் வந்தது. கூடவே தம்பிக்கு ஒரு பட்டப்பெயரும் வந்தது. பெரியண்ணன்தான் வைத்தான்: எட்டு. விரலை எடுத்தவனே கணக்கும் சொன்னான். அவன் வாய் அப்படி. தங்கைக்கும் ஒன்று வைத்திருந்தான்: ரேடியோ.

அந்தப் பெயரிலும் பொய் இல்லை. அவளுக்கு அடுத்தவர் மனசில் ஓடுவது காதில் விழும். பக்கத்து அறையில் யாரோ பேசுவது போல, வார்த்தை வார்த்தையாக. மேலே மிதப்பது மட்டும்தான். அடியில் கிடப்பது கேட்காது. பத்தடி தள்ளிப் போனால் அதுவும் இல்லை. தெருவில் சங்கிலி காணாமல் போனால் போலீசுக்கு முன்னால் இவளைத்தான் கூப்பிடுவார்கள். நாய்க்கு விஷம் வைத்தது யார், குழந்தையைத் தூக்கிக்கொண்டு போனது யார் என்று ஐந்தாறு வழக்கை நின்ற இடத்திலேயே தீர்த்திருக்கிறாள். ஒரு தடவைகூடப் பிசகியதில்லை என்று வீட்டில் பெருமை. அதனால் வந்த வினை, இந்த வீட்டில் யாரும் யாரையும் எதையும் கேட்பதே கிடையாது. "ரேடியோவைப் போடு, தெரிஞ்சிடும்" என்பார்கள்.

அவளுக்குப் பிடிபடாத தலை ஒன்றே ஒன்றுதான். பத்து வயதிலேயே சின்னண்ணன் வழி கண்டுபிடித்துவிட்டான். தங்கை பக்கத்தில் வந்தாலே மனசுக்குள் எட்டாம் வாய்ப்பாடு. முதலில் விளையாட்டு, பிறகு அதுவே பழக்கம். இருபத்தைந்து வருஷத்தில் அவன் மனசிலிருந்து அவள் கேட்டதெல்லாம் ஓரெட்டு எட்டு, ஈரெட்டு பதினாறு மட்டும்தான். அதிலும் ஏழெட்டில் தடுக்குவான். பள்ளிக்கூடத்தில் அதற்காகவே உதை வாங்கியவன். அவள் சிரித்துக்கொண்டே ஐம்பத்தாறு என்று எடுத்துக்கொடுப்பாள். அவளுக்கு அவன்மேல் இருந்த பிரியத்துக்கு அந்த வாய்ப்பாடும் ஒரு காரணம்.

ஆகவே ஈரக் கையோடு அவனிடம்தான் போனாள். வாசலில் நாற்காலி பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தான்.

"இது சட்டைக்குள்ள இருந்துச்சு."

பார்த்தான். *மூவெட்டு இருபத்துநாலு. நாலெட்டு முப்பத்திரண்டு.* நாற்காலி பாதி விரிந்தபடி கையில் நின்றது.

"எரிக்கச் சொன்னேன்ல?"

"அண்ணி கேட்டாங்க. சின்னண்ணா, இது இங்க இருக்குன்னா போர்டுல இருக்கறது என்ன? எவனோ மாத்துக் கட்டை போட்டிருக்கான். வேணும்னே போட்டிருக்கான்."

"குடு, நான் வச்சிக்கிறேன்."

"இருக்கட்டும். அண்ணி தச்ச பையில இருந்தது. அவங்களுக்குத்தான் குடுக்கணும்." முந்தானையில் முடிந்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

ஐயெட்டு நாற்பது வரைக்கும் போய், நாற்காலியை முழுசாக விரித்துப் போட்டான். பிறகு, "சரி, கூடத்துல போய் உக்காரு. மில்லு ஆளுங்க பாக்க வருவாங்க. எவன் மனசுல என்ன ஓடுதோ, எங்கிட்ட மட்டும் சொல்லு. அப்பா வேணாம், போலீசும் வேணாம். நம்ம வீட்டு ரத்தம், நாமளே பாத்துக்குவோம்" என்றான்.

கூடத்தில் போய்ப் பெரியண்ணனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். கழுத்தைத் தாடை வரைக்கும் துணியால் சுற்றியிருந்தார்கள். அவளை உலுக்கியது அது இல்லை. அவன் மனசில் எப்போதும் ஏதாவது ஒரு பாட்டு ஓடும். தாளம் தப்பி, வரி மாறி, கேட்டால் தலைவலி வரும். இப்போது அந்த இடம் வெறுமனே இருந்தது. இத்தனை பக்கத்தில் இருந்தும் ஒன்றும் கேட்கவில்லை. அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. சத்தம் போட்டே அழுதாள்.

ஆட்கள் வந்தார்கள். ஒருவனுக்குக் கடைவாய்ப் பல் வலி, அதைத் தவிர அவன் மனசில் வேறு எதுவும் இல்லை. லாரி ஓட்டுபவர், கழுத்துத் தையல் பிரியாமல் இருக்க வேண்டுமே என்று கவலைப்பட்டார். ஒருவன் நிஜமாகவே அழுதான், உள்ளேயும் வெளியேயும். அண்ணியின் மனசு மட்டும் நிற்காமல் அரைத்துக்கொண்டிருந்தது: *நான்தான் கொன்னேன். காலையில போய்த் தொலைங்கன்னு சொன்னேன். நான்தான் கொன்னேன்.* அவள் அண்ணியின் முதுகைத் தடவிக்கொடுத்தாள். துக்கத்தில் யாருக்கும் வருவதுதானே.

கடைசியாகச் சாணைக்காரர் வந்தார். ரம்பப் பட்டைகளுக்குச் சாணை பிடித்து, பல் தீட்டி, மாற்றுச் சாமான் அலமாரியையும் பார்த்துக்கொள்பவர். பதினெட்டு வருஷமாக மில்லில் இருக்கிறார். அதிர்ந்து பேசாத மனிதர். குனிந்து பெரியண்ணனின் காலைத் தொட்டார்.

*நான்தான் கொன்னேன்.*

அவள் நிமிர்ந்தாள்.

*நான்தான் கொன்னேன். இந்தக் கையாலதான்...*

அதற்கு மேல் கேட்க அவள் அங்கே இல்லை. எழுந்து வாசலுக்குப் போய்விட்டாள். அண்ணி நினைத்தால் துக்கம், சாணைக்காரர் நினைத்தால் கொலையா என்று அவளுக்கு அப்போது தோன்றவில்லை. அண்ணன் செத்துக் கிடக்கிற வீட்டில் நியாயம் எங்கே தோன்றும்? அவளுக்கு ஒரு ஆள் வேண்டும். கிடைத்துவிட்டான்.

"சாணைக்காரரு," என்றாள் சின்னண்ணனின் காதில். "அவர் மனசு சொல்லுது."

அவன் ஒரு கணம் அவளையே பார்த்தான். அந்தப் பார்வையில் இருந்தது நிம்மதி என்பது அவளுக்குப் பிற்பாடுதான் புரிந்தது.

"நல்லா கேட்டியா?"

"வார்த்தை வார்த்தையா."

"நீ உள்ள போ," என்றான்.

மில்லின் பின்னால் மரத்தூள் கொட்டகை. நாலு பக்கமும் தகரம். "ஒரு நிமிஷம் வாங்க, பாடைக்குக் கழி எடுக்கணும்" என்று சின்னண்ணன் தோளில் கை போட்டு அழைத்துப் போவதை அவள் பார்த்தாள். சாணைக்காரர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனார். கதவு சாத்திக்கொண்டது. அவள் வீட்டுக்குள் போகாமல் அவர்கள் பின்னாலேயே வந்திருந்தாள். தகரத்தில் முதுகைச் சாய்த்து நின்றாள். கேட்க வேண்டும் போல இருந்தது. அண்ணனைக் கொன்றவன் அலறுவதைத் தன் காதால் கேட்க ஆசைப்பட்டாள்.

முதல் அடியிலேயே அலறல் வந்தது. கோடாலிக் காம்பு. *ஓரெட்டு எட்டு.* இரண்டாவது அடி எலும்பில் விழுந்தது. பச்சைக் கொம்பை முறித்தது போல இருந்தது. *ஈரெட்டு பதினாறு.*

"சின்னவரே, ஐயோ, சின்னவரே..."

*மூவெட்டு இருபத்துநாலு.* இந்தத் தடவை வாயில். பேச்சு குழறிப்போனது. அவளுக்கு வாய்ப்பேச்சு தேவையில்லை என்பது அவனுக்கு மறந்துவிட்டதோ என்னவோ. அடி விழ விழ, சாணைக்காரரின் மனசில் அடியில் கிடந்ததெல்லாம் மேலே வந்தது. வலியோடு சேர்த்து வந்தது. அவள் தன் விலாவைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

*குடோன் விளக்குக்கு வேணும்னு கேட்டாரே. அலமாரியைத் திறந்து இந்தக் கையால மாத்துக் கட்டை எடுத்துக் குடுத்தேனே. எதுக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா பெரியவர் இருந்திருப்பாரே. நான்தான் கொன்னேன். சின்னவரே, நான் யார்கிட்டயும் சொல்லல, சின்னவரே...*

*நாலெட்டு முப்பத்திரண்டு.* அடி. *ஐயெட்டு நாற்பது.* அடி. *ஆறெட்டு நாற்பத்தெட்டு.* அலறல் நின்று இப்போது முனகல்தான். *ஏழெட்டு...*

காம்பு மேலே போனது, கீழே வரவில்லை. *ஏழெட்டு. ஏழெட்டு.* அங்கே வழக்கம் போலத் தடுக்கினான். இருபத்தைந்து வருஷமாக இல்லாத ஒரு சந்து அவன் மனசில் திறந்தது. அதன் வழியாக வந்ததை அவள் கேட்டாள்.

*ரெண்டு விரல்தான். ரெண்டே ரெண்டு விரல்தான்டா கேட்டேன். பொண்ணு பாக்க வந்த இடத்துல, என் தம்பிக்கு எட்டு வரைக்கும்தான் எண்ணத் தெரியும்னு சிரிச்ச இல்ல? அந்தப் பொண்ணு என் கையைப் பாத்துட்டு எந்திரிச்சுப் போனா இல்ல? உனக்கும் ரெண்டு போகட்டும்னுதான் கட்டையைப் போட்டேன். கழுத்தைக் கேக்கலடா. அண்ணா, உன் கழுத்தை நான் கேக்கல...*

கதவைத் தள்ளினாள். சாணைக்காரர் மரத்தூளில் ஒருக்களித்துக் கிடந்தார். முகம் இருந்த இடத்தில் மூக்கு எது வாய் எது என்று தெரியவில்லை. சிவந்து கட்டிதட்டின தூளில் ஒரு பல் கிடந்தது. சின்னண்ணன் காம்பை ஓங்கியபடி நின்றான். வியர்வை மோவாயிலிருந்து சொட்டியது. உதடு அசைந்துகொண்டிருந்தது.

"ஐம்பத்தாறு," என்றாள்.

அவன் திரும்பினான். அவள் எதைக் கேட்டிருக்கிறாள் என்பது அவனுக்கு உடனே தெரிந்துவிட்டது. மறைக்கக்கூட முயலவில்லை. காம்பு இறங்கியது, இந்த முறை அவள் மேல். விலகினாள், தலைக்கு வந்தது தோளில் விழுந்தது. உள்ளே எதுவோ உடைந்து இடது கை தானாகத் தொங்கியது. சாணைக்காரரின் மேலேயே விழுந்தாள். விழுந்தவள் எழவில்லை, அவர் தலையைத் தன் உடம்பால் மூடிக்கொண்டாள்.

"நகரு," என்றான் அழுதுகொண்டே. "நகரு ரேடியோ. இந்த ஆளோட முடிஞ்சிடும். நகருடி!"

"என்னடா இது?"

அப்பா கொட்டகை வாசலில் நின்றார். வயசு எழுபதைத் தாண்டியும் ஆள் கம்பீரம் குறையாதவர். ஒரு காலைப்பொழுதில் கூன் விழுந்திருந்தது. கீழே கிடந்தவரைப் பார்த்தார். மகளின் தொங்கும் கையைப் பார்த்தார். மகன் கையிலிருந்த காம்பைப் பார்த்தார்.

"இவனா செஞ்சது?" என்று சாணைக்காரரைக் காட்டி அவளிடம் கேட்டார்.

அவர் வாய் கேட்டது இது. மனசு வேறு கேட்டது. *ஆமான்னு சொல்லிடும்மா. பத்து மணிக்குச் சின்னவன் போர்டுகிட்ட நின்னதை ஜன்னல்ல பாத்தேன். கேக்கல. கேட்டா என்னன்னு தெரிஞ்சிடும்னு கேக்கல. ஆமான்னு சொல்லிடு.*

இந்த வீட்டில் அவள் சொல்தான் தீர்ப்பு. ஒரு தலையசைப்பு போதும். சாணைக்காரர் அரை மணி தாங்க மாட்டார். நம்மாள் வெறியில் அடித்துவிட்டான் என்று ஊரே அவன் பக்கம் நிற்கும். பெரியண்ணன் திரும்பி வரப்போவதில்லை. அவள் கைக்குக் கீழே அந்த மனிதரின் நெஞ்சு தூக்கித் தூக்கிப் போட்டது. தன் ஒரு சொல்லால் இங்கே வந்து கிடக்கிறார் என்பதை நினைத்தபோது தோள் வலியைவிட அது வலித்தது.

"எனக்கு இருந்தது ரெண்டும்மா," என்றார் அப்பா. குரல் கெஞ்சியது. "ஒண்ணை உள்ள படுக்க வச்சிருக்கேன்."

"மூணுப்பா," என்றாள். "உங்களுக்கு மூணு."

அப்பா அவளுடைய தொங்கும் கையை மறுபடி பார்த்தார்.

"இவர் இல்ல. நான் அரைகுறையாக் கேட்டுட்டு வந்து சொல்லிட்டேன். இனிமே எங்கிட்ட கேக்காதீங்கப்பா. அவன் நிக்கிறான். உங்க வாயால அவனையே கேளுங்க."

தகரக் கூரையில் ஒரு காக்கை தத்தித் தத்தி நடந்தது. அதன் நகம் கீறுகிற சத்தம் கேட்டது. பிறகு அப்பா மகன் பக்கம் திரும்பினார்.

"பத்து மணிக்கு போர்டுகிட்ட என்னடா பண்ணே?"

அவ்வளவுதான். அந்த வீட்டில் ஒருவர் இன்னொருவரை நேராகக் கேட்டு எத்தனை வருஷமாயிற்றோ. சின்னண்ணனின் கையிலிருந்து காம்பு நழுவியது.

"ரெண்டு விரல்தான்ப்பா," என்றான். சத்தமாகவே சொன்னான்.

அப்பா அறைந்தார். மறுபடியும் அறைந்தார். மூன்றாவது தடவை கையை ஓங்கியவர், அடிக்காமல், அவனுடைய மூன்று விரல் கையை எட்டிப் பிடித்துக்கொண்டு அப்படியே தூளில் உட்கார்ந்துவிட்டார். அவனும் கூடவே உட்கார்ந்தான்.

கதவோரம் அண்ணி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று யாருக்கும் தெரியாது. தகரத்துக்கு அந்தப் பக்கம் எவ்வளவு நேரம் நின்றாளோ. முகத்தில் ஒரு சலனமும் இல்லை. மனசில் காலையிலிருந்து அரைத்துக்கொண்டிருந்த அந்த வாக்கியம் நின்றுபோயிருந்தது. கொழுந்தனைத் தாண்டி வந்து சாணைக்காரரின் காலைப் பிடித்தாள்.

"ஒரு கையால தலையைத் தாங்குவியா?" என்று நாத்தனாரைக் கேட்டாள்.

"தாங்குவேன்."

லாரி ஓட்டுபவரை அண்ணி பெயர் சொல்லிக் கூவினாள். மூன்று பேருமாகத் தூக்கி, லாரியில் சாக்கு விரித்துக் கிடத்தினார்கள். வாசலில் நாற்காலியில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். யாரும் எதுவும் கேட்கவில்லை. கூடத்தில் பெரியண்ணன் தனியாகக் கிடந்தான்.

"ஆஸ்பத்திரிக்குத்தானே?" என்றார் லாரிக்காரர்.

"ஆமா. அப்புறம் ஸ்டேஷனுக்கு. ஒரு நிமிஷம் இருங்க," என்றாள்.

தொங்கும் கையோடு மில்லுக்குள் போனாள். ரம்பத்தடியில் யாரோ மரத்தூளை அள்ளிக் கொட்டி மூடியிருந்தார்கள். அதையும் மீறிச் சிவப்பு ஊறியிருந்தது. பார்க்காமல் கடந்து மெயின் போர்டுக்குப் போனாள். மாத்துக் கட்டை அதில் அப்படியே இருந்தது; புதுசு, கரி படியாத வெள்ளை. வலது கையால் பிடுங்கினாள். முந்தானை முடிச்சைப் பல்லால் அவிழ்த்து, பழையதோடு அதையும் சேர்த்து முடிந்துகொண்டாள்.

லாரியில் ஏறிச் சாணைக்காரரின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவர் மனசில் என்னவோ மங்கலாக ஓடியது. அவள் அதைக் கேட்க முயலவில்லை. குனிந்து, "எதுவானாலும் வாயால சொல்லுங்க. இருந்து கேக்கறேன்" என்றாள். கிழிந்த உதடு கொஞ்சம் அசைந்தது. "செருப்பு," என்றார். "கொட்டகை வாசல்ல."

அண்ணி இறங்கிப் போய் அந்தச் செருப்பை எடுத்துவந்து அவர் காலடியில் வைத்தாள்.

லாரி பின்னால் வந்து திரும்பும்போது கொட்டகைப் பக்கமாகப் போனது. உள்ளேயிருந்து கேட்டது. ஓரெட்டு எட்டு. ஈரெட்டு பதினாறு. மூவெட்டு இருபத்துநாலு. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். நாலெட்டு. ஐயெட்டு. ஆறெட்டு நாற்பத்தெட்டு. வண்டி கேட்டைத் தாண்டித் தெருவில் ஏறியது. அவள் உதடு ஒரு எண்ணைச் சொல்லப் போய் நின்றது. முதல் பள்ளத்தில் வண்டி குலுங்கியபோது, இடுப்பு முடிச்சில் இரண்டு கட்டைகளும் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டன. டொக்.